பக்கக் கட்டிலின் மெத்தை கல்லுப் போல் இருக்கிறதே என்று கேட்ட தாய்க்கு

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு, எட்டாம் மாதம், முதல் பிள்ளை. பெரியவர்களின் கட்டிலோடு சேர்த்துப் பூட்டும் பக்கக் கட்டில் ஒன்றைக் கணவர் இணையத்தில் பார்த்து வாங்கி வந்துவிட்டார். அதோடு வந்த மெத்தை கல்லுப் போல் இருக்கிறது. மேலே போட மென்மையான மெத்தை ஒன்று வாங்கலாமா, வாங்கினால் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: "மாமி சொல்கிறார், பச்சைப் பிள்ளையை இந்தப் பலகையில் போட்டால் முதுகு நோகும், பக்கத்தில் படுக்க வைத்து இரண்டு பக்கமும் தலையணை வை என்று. நான் என்ன செய்வது?" உங்களை உண்மையில் நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கும் கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். பிள்ளையைப் பத்திரமாக வைக்கப்போய் அதற்கு நோகச் செய்கிறேனோ என்ற பயம் அது. அதனால் அதையே முதலில் எடுக்கிறேன்.

நான் கொழும்பில் 26 வருடம் தாதியாக வேலை செய்தவள். அதில் பெரும் பகுதி பிரசவத்துக்குப் பிந்திய வார்ட்டிலும், குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கும் பிரிவிலும் போனது. பிள்ளைகள் எப்படி நித்திரை கொள்கிறார்கள், எங்கே ஆபத்து வருகிறது என்பதை நம்பிக்கையோடு சொல்ல முடியும். உங்கள் கட்டிலை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் எதைப் பார்க்க வேண்டும், எதை அளக்க வேண்டும் என்று சொல்கிறேன், அளந்து பார்ப்பது உங்கள் கையில். பிள்ளை குறைமாதத்தில் பிறந்தாலோ, 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, மூச்சிலோ விழுங்குவதிலோ பிரச்சினை இருந்தாலோ, இங்கே எழுதியிருப்பதை விட உங்கள் பிள்ளை மருத்துவர் சொல்வதுதான் முதல்.

சரி, மெத்தை. அது கல்லுப் போல் இருப்பது குறை இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். கடையில் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்க்கும்போது நாங்கள் எங்கள் உடம்பை நினைத்துக்கொள்கிறோம். 60 கிலோ உடம்புக்கு இடுப்பும் தோளும் அழுந்தும், அதனால் மெத்தென்று இருப்பது சுகம். மூன்று கிலோ பிள்ளைக்கு அந்த அழுத்தமே வராது, முதுகும் நோகாது. அதனுடைய சிக்கல் வேறு. பிறந்த பிள்ளையின் உடம்பில் பாரமான பகுதி தலை, பலமில்லாத பகுதி கழுத்து. மென்மையான மெத்தையில் தலை பதிந்து ஒரு குழி விழும். முகம் பக்கவாட்டில் திரும்பினால், அல்லது உடம்பே சரிந்து குப்புறப் போனால், மூக்கும் வாயும் அந்தக் குழிக்குள் போய்விடும். தலையைத் தூக்கித் திருப்பும் பலம் முதல் மாதங்களில் இல்லை. மூக்கு முழுதாக அடைபடாவிட்டாலும், தான் விட்ட காற்றையே பிள்ளை திரும்பத் திரும்ப இழுக்கும், ஒட்சிசன் குறைந்துகொண்டே போகும். சத்தமோ துடிப்போ இல்லாமல் இது நடந்துவிடும் என்பதால்தான் பக்கத்தில் ஆள் இருந்தும் தெரியாமல் போகிறது.

போதிய அளவு கடினமா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. அவுஸ்திரேலியாவில் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்கும் சோதனை இது. 12 சீடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மெத்தையில் மிக மென்மையாகத் தெரியும் இடத்தில் வையுங்கள். திறக்காத ஒரு லீற்றர் பால் பெட்டி இரண்டு எடுங்கள். ஒன்றை அந்த அடுக்கின்மேல் படுக்க வைத்து, பெட்டியின் ஒரு ஓரம் 4 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கச் செய்யுங்கள். மற்றப் பெட்டியை அதன்மேல் படுக்க வையுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் மெத்தையைத் தொட்டால் அந்த மெத்தை பிள்ளைக்கு அதிக மென்மை. தொடாவிட்டால் பரவாயில்லை. வீட்டில் இப்போது யாரிடமும் சீடி இருப்பதில்லை. பழைய சாமான் பெட்டியைக் கிளறிப் பாருங்கள், அல்லது உறவுக்காரரிடம் கேளுங்கள். பால் கடையில் இருக்கிறது. மாமியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். வாயால் சொல்வதைவிட கண்ணால் பார்ப்பது அவருக்குச் சமாதானமாக இருக்கும்.

ஆகவே மேலே இன்னொரு மெத்தை வேண்டாம். மென்மையான மெத்தை மட்டுமல்ல, எந்த மெத்தையும் வேண்டாம். இரண்டு மெத்தை போட்டால் இரண்டுக்கும் இடையில் பிள்ளை சறுக்கிப் போக வழி உண்டாகும். இன்னொன்று, மெத்தை உயர உயரக் கட்டிலின் பக்கத் தடுப்பு குறைந்துகொண்டே போகும். கட்டிலோடு வந்த மெத்தை அந்தச் சட்டத்துக்கு அளவெடுத்துச் செய்தது. அது பழுதாகினால் அதே நீளம், அகலம், தடிப்பில் மட்டும் மாற்றுங்கள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையக் கூடாது. நான்கு மூலையிலும், நான்கு பக்கத்திலும் விட்டுப் பாருங்கள். மெத்தையை ஒரு பக்கம் தள்ளி, மறுபக்கத்தில் விழும் இடைவெளியையும் பாருங்கள், ஏனென்றால் இரவில் அது அப்படித்தான் நகரும்.

இனி, பக்கக் கட்டிலுக்கே உரிய ஆபத்துக்கு வருகிறேன். எங்கள் வீடுகளில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். தனியாக நிற்கும் தொட்டிலுக்கு நான்கு பக்கமும் சுவர். பக்கக் கட்டிலுக்கு ஒரு பக்கம் உங்கள் கட்டில். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் பிள்ளையின் உடம்பு அதற்குள் இறங்கி, தலை மாட்டிக்கொள்ளும். ஐரோப்பாவில் இந்தக் கட்டில்களுக்கென்று இ.என். 1130 என்ற தர விதி 2019இல் திருத்தப்பட்டது. அதன்படி உங்கள் பக்கம் இருக்கும் தடுப்பை முழுதாக இறக்கிவிட முடியாது, குறைந்தது 12 செ.மீ. உயரத் தடுப்பு இருந்தே ஆக வேண்டும். பிள்ளை உங்கள் மெத்தைக்கு உருண்டு வராமலும், உங்கள் தலையணையும் போர்வையும் அதன் முகத்துக்குப் போகாமலும் தடுப்பது அந்த 12 செ.மீ.தான். அதற்கு முந்திய மாடல்களில் ஒரு பக்கம் முழுவதும் மடிந்து தட்டையாகிவிடுவதும் உண்டு. லண்டனில் இருக்கும் மச்சாள் தன்னுடையதை அனுப்பவா என்று கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அனுப்பும் முன் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தட்டையாக மடிவது என்றால் அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கொழும்பு வீடுகளில் இன்னொரு சிக்கல். இந்தப் பக்கக் கட்டில்கள் வெளிநாட்டுக் கட்டில் அமைப்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை, மெத்தை சட்டத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அமைப்பு. எங்கள் தேக்கு, மகோகனிக் கட்டில்களில் பல, மெத்தை சட்டத்துக்குள் இறங்கியிருக்கும் வகை. மரச்சட்டம் ஓரமாகச் சற்றுத் தள்ளி நிற்கும், சிலவற்றில் மெத்தையை விட உயர்ந்தும் நிற்கும். அப்படியானால் பக்கக் கட்டிலை எவ்வளவு நெருக்கி வைத்தாலும் மெத்தையோடு சேராது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குப் போனபோது அப்படி நான்கு விரல் இடைவெளி இருந்தது. தாய் அதற்குள் துவாயைச் சுருட்டி அடைத்திருந்தார். பாவம், நல்ல எண்ணத்தில் செய்தது, ஆனால் பிள்ளையின் பாரத்துக்கு அந்தத் துவாய் கீழே இறங்கும், இல்லாவிட்டால் அவிழ்ந்து மேலே வரும். இடைவெளியை எதையாவது வைத்து அடைக்கவே கூடாது. சேராவிட்டால் சேர்க்க வேண்டாம். நான்காவது பக்கத்தையும் உயர்த்திப் பூட்டி, உங்கள் கட்டிலில் இருந்து சற்றுத் தள்ளித் தனித் தொட்டிலாக வையுங்கள். கை எட்டும் தூரம் போதும். பக்கம் உயர்த்த முடியாத மாடல் என்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாதாரணத் தொட்டில் வாங்குவதே நல்லது. பாதுகாப்பு வருவது ஒரே அறையில் இருப்பதால்தான், ஒட்டி இருப்பதால் அல்ல. ஒட்டி இருப்பது உங்களுக்கு வசதி. சிசேரியன் சத்திர சிகிச்சைக்குப் பிறகு அந்த வசதி பெரிது, அதை மறுக்கவில்லை.

சேர்கிறது என்றால், கொடுத்திருக்கும் பட்டிகளை உங்கள் மெத்தையின் மறுபக்கத்துக் கட்டில் சட்டத்தில் கட்டி இறுக்குங்கள். சும்மா தள்ளி வைத்தால் போதாது. வழுக்கும் டைல்ஸ் தரையில் சக்கரக் கட்டில் ஒரு இரவில் எவ்வளவு நகரும் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். சக்கரப் பூட்டைப் போட்ட பிறகு இழுத்துப் பாருங்கள். இரண்டு மெத்தையின் உயரமும், அந்தத் தடுப்பும், கையேட்டில் சொன்னபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கக் காலை உயர்த்தித் தலைப்பக்கத்தைச் சாய்வாக்கும் வசதி பலவற்றில் இருக்கிறது, "பால் கக்கும் பிள்ளைக்கு நல்லது" என்று விற்பார்கள். அதைப் பாவிக்காதீர்கள். சாய்வில் பிள்ளை கீழே சறுக்கும், தாடை நெஞ்சில் பட்டு மூச்சுக்குழாய் மடியும். அமெரிக்காவில் 2019இல் ஒரு வகைச் சாய்வுப் படுக்கை ஏறத்தாழ 47 லட்சம் திரும்பப் பெறப்பட்டது, 30க்கு மேற்பட்ட மரணங்களுக்குப் பிறகு. 2022இல் 10 பாகைக்கு மேல் சாய்வுள்ள படுக்கைகளைச் சட்டமே தடை செய்தது. மட்டமாக இருக்கட்டும்.

பால் கக்கினால் புரையேறிவிடும், ஆகவே ஒருக்களித்தோ குப்புறவோ போடு என்று மாமி சொல்லக்கூடும். எங்கள் தாய்மாருக்குச் சொல்லப்பட்டது அதுதான். ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களே குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். பிறகு அது பிழை என்று தெரிந்தது. பிரித்தானியாவில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று பெரிய பிரசாரம் நடந்தது, அதற்குப் பிறகு திடீர்ச் சிசு மரணம், அதாவது காரணம் தெரியாமல் பிள்ளை நித்திரையிலேயே இறந்துபோவது, பாதிக்கு மேல் குறைந்தது. இந்த விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. காரணமும் எளிது. மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால். மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கும், கக்கிய பால் கீழே உள்ள உணவுக்குழாய்ப் பக்கம் வழியும். குப்புறப் போட்டால் இது தலைகீழ். ஒருக்களித்துப் போட்ட பிள்ளை எப்போது குப்புறப் போகும் என்று சொல்ல முடியாது. பகல் தூக்கத்துக்கும் இதே விதிதான். விழித்திருக்கும்போது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில், தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். கழுத்தும் பலப்படும், தலையின் பின்பக்கம் தட்டையாவதும் குறையும்.

தலை வட்டமாக வர வேண்டும் என்று நடுவில் குழி வைத்த குட்டித் தலையணை விற்கிறார்களே, அதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். கட்டிலுக்குள் இருக்க வேண்டியது மெத்தை, இறுக்கமாகப் பொருந்தும் ஒரு விரிப்பு, பிள்ளை, அவ்வளவுதான். தலையணை, பக்கவாட்டில் கட்டும் பஞ்சுத் தடுப்பு, பொம்மை, மடித்துப் போட்ட துவாய், தளர்வான போர்வை எதுவும் வேண்டாம். அந்தப் பஞ்சுத் தடுப்பை அமெரிக்கா அதே 2022 சட்டத்தில் தடை செய்துவிட்டது. எங்கள் ஆட்கள் பிள்ளை பார்க்க வரும்போது கட்டாயம் கொண்டுவரும் ஒரு பரிசு இருக்கிறது: குடை போல மடிக்கும் நுளம்பு வலையோடு, தலையணையும் பஞ்சு மெத்தையும் சேர்ந்த படுக்கை. உங்களுக்கும் இரண்டு மூன்று வரும். அதன் மெத்தை மிக மென்மை, உள்ளேயே தலையணை. அதைத் தூக்கிப் பக்கக் கட்டிலுக்குள் வைத்துவிடாதீர்கள். இதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். வலை பிரித்தெடுக்கக் கூடியது என்றால், ஹோலில் பாய் மேல் நீங்கள் பக்கத்தில் இருந்து பிள்ளையோடு விளையாடும்போது பாவிக்கலாம்.

ஆனால் நுளம்பு வலை அவசியம். டெங்கு உள்ள ஊரில் வலை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், அதனால் காலைத் தூக்கத்துக்கும் பின்னேரத் தூக்கத்துக்கும் வலை வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். எனக்குப் பிடித்த முறை, கூரையில் கொக்கி அடித்துப் பெரிய வலை ஒன்றை உங்கள் கட்டிலும் பிள்ளையின் கட்டிலும் சேர்ந்து மூடும்படி தொங்கவிடுவது. வலை பிள்ளையின் கட்டிலுக்கு வெளியே தரை வரை விழ வேண்டும், கட்டிலுக்குள் தொங்கக் கூடாது. பிள்ளையின் கை எட்டும் இடத்தில் வலையோ கயிறோ நாடாவோ இருக்கக் கூடாது. ஜன்னலுக்கு வலை அடிக்க முடிந்தால் அது இன்னும் நல்லது. நுளம்புச் சுருளைப் பிள்ளை இருக்கும் அறையில் கொளுத்த வேண்டாம், புகை எந்தப் புகையானாலும் பிஞ்சு நெஞ்சுக்கு ஆகாது. நுளம்புக் களிம்பு முதல் இரண்டு மாதத்துக்கு வேண்டாம்.

அதிக சூடும் ஒரு ஆபத்துத்தான், அது கொழும்பில் குளிரை விடப் பெரிய ஆபத்து. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, கையுறை, இரண்டு சட்டை, மேலே பிளானல் துணி என்று சுற்றிப் படுக்க வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அறையில் 30 பாகை வெப்பம் இருக்கும்போது. பிள்ளை தன் சூட்டைத் தலை வழியாகத்தான் அதிகம் வெளியே விடும், ஆகவே வீட்டுக்குள் நித்திரைக்குத் தொப்பி வேண்டாம். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். கையும் காலும் குளிர்ந்திருப்பது இயல்பு, அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். ஃபேன் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம், முகத்துக்கு நேரே வேண்டாம். 2008இல் கலிபோர்னியாவில் வந்த ஆய்வொன்றில், ஃபேன் ஓடிய அறைகளில் திடீர்ச் சிசு மரணம் குறைவாகக் காணப்பட்டது. ஒரு ஆய்வை மட்டும் வைத்து அதை ஒரு விதியாக்கவில்லை, ஆனால் ஃபேன் காற்றுக்குப் பயப்படவும் தேவையில்லை.

மெத்தைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது நீங்கள் கேட்ட மற்றது. உள்ளே என்ன என்பதை விட மேலே சொன்ன சோதனை முக்கியம். கொழும்பில் கிடைப்பவற்றில், றப்பர் கலந்து அழுத்திய தும்பு மெத்தை நன்றாகக் கடினமாக இருக்கும். அடர்த்தியான ஃபோம் மெத்தையும் சரி. உடம்பின் வடிவத்துக்கு அமுங்கும் "மெமரி ஃபோம்" கூடவே கூடாது. இலவம்பஞ்சு மெத்தை எங்கள் வீடுகளில் பிள்ளைப்பேற்றுக்கென்றே தைப்பார்கள். அது புதிதில் பொங்கி மென்மையாக இருக்கும், சில மாதத்தில் நடுவில் குழி விழுந்து கட்டி கட்டியாகும். இரண்டு நிலையிலும் அது பிள்ளைக்கு நல்லதில்லை. அம்மம்மா தைத்துக் கொடுத்தால் அதன்மேல் நீங்கள் உட்கார்ந்து பால் கொடுங்கள், பிள்ளையைப் படுக்க வைக்க வேண்டாம். எங்கள் ஈரக்காற்றில் எந்த மெத்தையும் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். கட்டிலின் அடிப்பலகையில் காற்றோட்டத் துளை இருப்பது நல்லது. வாரம் ஒரு முறை மெத்தையை நிமிர்த்தி வெயிலிலோ ஃபேன் காற்றிலோ காய விடுங்கள். மூடி வந்த பொலித்தீன் உறையைக் கழற்றி வீசிவிடுங்கள், சிறுநீர் படும் என்று அதையே மேலே போட்டு வைக்க வேண்டாம். மெத்தையோடு இறுக்கிப் பொருந்தும் மெல்லிய நீர்புகா உறை கிடைக்கிறது. றப்பர் விரிப்பைத் தளர்வாக விரித்து அதன்மேல் துணிகளை அடுக்குவது சரிவராது, இரவில் எல்லாம் சுருண்டு முகத்துப் பக்கம் வரும்.

மச்சாளின் பழைய மெத்தையைப் பற்றி. 2002இல் ஸ்கொட்லாந்தில் வந்த ஆய்வொன்று, வேறு வீட்டில் பாவித்த மெத்தைக்கும் திடீர்ச் சிசு மரணத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டியது. ஏன் என்பது நிரூபிக்கப்படவில்லை. ஒருவேளை பழைய மெத்தை நடுவில் அமுங்கியிருப்பதால் இருக்கலாம், வேறு காரணமாகவும் இருக்கலாம். இப்படி உறுதியில்லாத இடத்தில் நான் சொல்வது, கட்டிலைப் பழையதாக வாங்கலாம், மெத்தையைப் புதிதாக வாங்குங்கள். கட்டில் பழையது என்றால் ஆணி, திருகு எல்லாம் இருக்கிறதா, ஆடுகிறதா என்று பாருங்கள். மேலும் கீழும் இறங்கும் பக்கம் கொண்ட பழைய வகைத் தொட்டிலை வாங்காதீர்கள். அந்தப் பக்கம் கழன்று பல பிள்ளைகள் இறந்ததால் அமெரிக்கா 2011இல் அதைத் தடை செய்தது. உரிந்த பழைய வர்ணம் உள்ளதும் வேண்டாம். பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கும், பல் முளைக்கும் பிள்ளை சட்டத்தைக் கடிக்கும்.

சரி, மாமி சொல்வது போல் உங்களோடு படுக்க வைப்பது? இதை நான் மிரட்டிச் சொல்லப் போவதில்லை. எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளையை அணைத்துப் படுத்தவர்கள், பால் கொடுப்பதற்கும் அது சுகம். ஆனால் எங்கள் பாட்டிமார் படுத்தது தரையில் விரித்த பாயில். பக்கத்தில் பத்து அங்குலத் தடிப்பு மெத்தையும், நான்கு தலையணையும், ஏசிக்காக ஒரு கனத்த போர்வையும் இருக்கவில்லை. இரண்டு பக்கமும் தலையணை வைப்பது விழாமல் காக்கும் என்று தோன்றும். உண்மையில் மூச்சை அடைக்கக்கூடிய இரண்டு பொருள்களைப் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் வைப்பதுதான் அது. வார்ட்டில் எத்தனையோ இரவு, பால் கொடுத்தபடியே அயர்ந்துபோன தாயின் கைக்கு அடியில் இருந்து பிள்ளையை எடுத்துத் தொட்டிலில் கிடத்தியிருக்கிறேன். அந்தத் தாய்மார் யாரும் கவனமில்லாதவர்கள் இல்லை, களைத்தவர்கள். வீட்டில் அந்த நேரத்தில் எடுத்து வைக்க ஆள் இருக்காது. வீட்டில் யாராவது சிகரெட் புகைத்தாலோ, மது குடித்திருந்தாலோ, தூக்கம் வரும் மருந்து எடுத்தாலோ, பிள்ளை குறைமாதம் அல்லது எடை குறைவு என்றாலோ, ஒரே கட்டிலில் படுப்பது மிகவும் ஆபத்து. அங்கே எந்தச் சமாதானமும் இல்லை. எல்லாவற்றிலும் மோசமானது சோபா. நடுச்சாமத்தில் தூக்கம் வரும் என்று தெரிந்தால் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுக்காதீர்கள், தலையணை போர்வையை அகற்றிவிட்டுக் கட்டிலிலேயே கொடுங்கள். தூங்கிப்போனால் விழித்த உடனே பிள்ளையைப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். அந்த ஒரு கை தூரம் சுலபமாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் உங்கள் கணவர் அதை வாங்கினார்.

ஏணை கட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தால் சேலையோடுதான் வருவார். நாங்கள் எல்லோரும் ஏணையில் ஆடியவர்கள். அழும் பிள்ளையை ஆற்ற, நீங்கள் பக்கத்தில் நின்று ஆட்டும்வரை அதைப் பாவியுங்கள். கண் மூடியதும் எடுத்து மட்டமான மெத்தையில் மல்லாக்கக் கிடத்துங்கள். துணிக்குள் பிள்ளை வளைந்து கிடக்கும்போது தாடை நெஞ்சில் ஒட்டும், முகம் துணியில் பதியும். இரவு முழுவதும் அதில் விட்டுவிட்டு நீங்கள் தூங்குவதுதான் கூடாது. காரில் வரும் சீற், ஆடும் நாற்காலி எல்லாவற்றுக்கும் இதே நியாயம்.

திடீர்ச் சிசு மரணம் அதிகம் நடப்பது முதல் நான்கு மாதத்தில், பத்தில் ஒன்பது ஆறு மாதத்துக்குள். அதனால்தான் குறைந்தது ஆறு மாதம் ஒரே அறையில் என்கிறார்கள். ஆனால் உங்கள் பக்கக் கட்டில் ஆறு மாதம் வரை வரும் என்று நிச்சயமில்லை. பிள்ளை கையையும் முழங்காலையும் ஊன்றி எழும்பத் தொடங்கிய நாளே அதன் கடைசி நாள், வயது எதுவானாலும், ஏனென்றால் அந்தத் தாழ்ந்த தடுப்புக்கு மேலால் விழும். அதற்கு முன் பெரிய தொட்டில் தயாராக இருக்கட்டும். மொறட்டுவையில் தச்சு வேலை பாஸிடம் சொல்லிச் செய்விக்கலாம், கடையில் வாங்குவதை விட உறுதியாகவும் இருக்கும், ஆனால் அளவை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. 330 மில்லி லீற்றர் குளிர்பானத் தகரம் அதற்குள் நுழைந்தால் அகலம் கூட. மெல்லிய உயரமான தகரத்தை வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். மெத்தைத் தட்டை மிகக் கீழே இறக்கியபின், தட்டிலிருந்து மேல் சட்டம் வரை குறைந்தது 60 செ.மீ. வேண்டும். மூலைகளில் குமிழ் அலங்காரம் வேண்டாம், சட்டை மாட்டும். தலைப்பலகையில் பூ வெட்டும் ஓட்டை வேண்டாம், தலை மாட்டும். பாஸ்மார் அழகுக்காக அதைச் செய்ய ஆசைப்படுவார்கள், முதலே சொல்லிவிடுங்கள்.

"காற்றுப் புகும் மெத்தை", "கிருமி எதிர்ப்பு மெத்தை", காலில் கட்டி மூச்சை அளக்கும் கருவி என்று விலை கூடிய சாமான்கள் நிறைய. இவை உயிரைக் காத்ததற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கருவியை நம்பி மற்றதைத் தளர்த்திவிடுவார்களோ என்பதுதான் என் பயம். அந்தக் காசு இருந்தால் நல்ல வலைக்கும், இரண்டு மூன்று பொருந்தும் விரிப்புக்கும் செலவழியுங்கள்.

தங்கச்சி, இன்னும் சில வாரம் இருக்கிறது. ஒரு இரவு எல்லாவற்றையும் பூட்டி, வலையைப் போட்டு, ஃபேனை ஓட விட்டு, லைட்டை அணைத்துப் படுத்துப் பாருங்கள். இரண்டு கிலோ அரிசிப் பையைப் பிள்ளையாக வைத்து, படுத்தபடி எடுத்துத் திரும்ப வைத்துப் பாருங்கள். சத்திர சிகிச்சை என்றால் எந்தப் பக்கம் திரும்புவது உங்களுக்கு எளிது என்று பார்த்து, கட்டிலை அந்தப் பக்கம் போடுங்கள். காலையில் எழும்பியதும் வெளிச்சத்தில் இரண்டு மெத்தைக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள், இரவில் எவ்வளவு நகர்ந்தது என்று அப்போது தெரியும். பிரசவத்துக்குப் பின் உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வருவார். அவரையும் அறைக்குள் கூட்டிப்போய்க் கட்டிலைக் காட்டுங்கள். சேரவில்லை, அல்லது சந்தேகம் என்றால், மெத்தை ஓரமும் கட்டில் சட்டமும் தெரியும்படி படம் எடுத்து இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.